பன்னிரண்டில் ஐந்து

செப்டம்பர் 9

ஐஸ் ஹாக்கி முகாம் முதல் நாள். உடம்புச் சோதனை முடிந்து தலைச் சோதனை. கணினி பன்னிரண்டு வார்த்தைகளைக் காட்டி மறைக்கும், நினைவில் நிற்பதை எழுதவேண்டும். சீசன் நடுவில் தலையில் அடிபட்டால் மறுபடி எழுதச் சொல்லி இன்றைய எண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் வீட்டில் உட்காரவேண்டியதுதான். அதனால் எங்கள் அணி அறையில் யாரும் முதல் நாள் ஒழுங்காக எழுதுவதில்லை. எனக்குப் பதினொன்று நினைவிருந்தது. ஐந்து எழுதினேன்.

டாக்டர் ஃப்ரீசன் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பதினஞ்சு வருஷமா வட்டால அடி வாங்கின மண்டை. வேற எப்படி இருக்கும், வாஸி."

வாசிலிக் என்ற குடும்பப் பெயரை இங்கே யாரும் முழுதாகச் சொல்வதில்லை. டேரில் என்று கூப்பிட என் மனைவி கொலீன் ஒருத்திதான்.

செப்டம்பர் 27

ஆட்டநாள் காலைப் பயிற்சியில் பனித்தளத்தை விட்டு முதலில் இறங்குகிற கோல்கீப்பர்தான் அன்றைக்கு ஆடுகிறவன். யாரும் வாய்விட்டு அறிவிப்பதில்லை. கோச் மக்லௌட் தாடையால் கதவைக் காட்டினார், இறங்கினேன். இன்னொரு கோல்கீப்பர் ப்ரூல், கியூபெக்காரன், இருபத்தாறு வயது, மற்றவர்கள் பயிற்சிக்கு அடிக்கும் மிச்ச வட்டுகளைத் தடுக்க நின்றான்.

"போங்கண்ணே, வெந்நீர் தீர்றதுக்குள்ள குளிச்சிருங்க. எனக்குத்தான் பச்சைத் தண்ணின்னு எழுதியிருக்கு."

எனக்கு முப்பத்தாறு. இந்தக் கதவை இவனிடம் விட்டால் வேறெங்கும் எனக்குக் கதவு இல்லை.

அக்டோபர் 30

தொடர்ந்து மூன்று வெற்றி. இடுப்புதான் ஒத்துழைக்கமாட்டேன் என்கிறது.

ஜனவரி 14

நேற்று ஆட்டத்தில் முகக்கவசத்தில் வட்டடி வாங்கினேன், இடது கண்ணுக்கு மேலே. விழவில்லை. கடைசிவரை ஆடினேன். கொலீன் போனில் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டாள். ஜெயித்தோம் என்றேன்.

தோற்றிருக்கிறோம். காலையில் பேப்பரில் பார்த்தேன்.

ஜனவரி 15

சோதனை. ஐந்து.

"அசையாம அப்படியே இருக்கு," என்றார் ஃப்ரீசன். "வெள்ளிக்கிழமை ஆடு."

அறையில் ஒரே சிரிப்பு. "டாக்டரை மறுபடியும் கவுத்துட்டீங்களே அண்ணே," என்றான் ப்ரூல். நானும் சிரித்தேன்.

காரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மைனஸ் முப்பத்திரண்டு, இஞ்சின் சூடாகவில்லை. இன்றைக்கு நான் ஏமாற்றவில்லை. பன்னிரண்டையும் எழுதத்தான் பார்த்தேன். ஐந்துக்கு மேல் வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

பிப்ரவரி 6

பனியின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. இடப்பக்கம் வட்டு கிட்டே வரும்வரை இரண்டாகத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் கையை நீட்டுகிறேன். பெரும்பாலும் கையில் கிடைக்கிறது.

கொலீன் விடுவதாக இல்லை.

"டாக்டர்கிட்ட சொல்லு."

"என்னன்னு? செப்டம்பர்ல பொய் சொன்னேன்னா?"

"ஆமா. அதத்தான்."

"ப்ரூல் பத்து நாள் நின்னான்னா அப்புறம் நான் அந்த வலையப் பாக்கவே முடியாது, கொலீன்."

"இப்ப மட்டும் பாக்க முடியுதா?"

கோபத்தில் கதவை அறைந்துகொண்டு வெளியே போனேன். அவள் கேட்டதில் என்ன தப்பு?

பிப்ரவரி 22

கொலீன் உருளைக்கிழங்கு பெரோகி செய்தாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 23

கொலீன் உருளைக்கிழங்கு பெரோகி செய்தாள். இரண்டு தட்டு

மேலே பார்க்கிறேன், நேற்றே எழுதியிருக்கிறது. இன்றைக்கு என்ன சாப்பிட்டேன்? அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. ஐயோ, எனக்கு என்னமோ ஆகுது.

மார்ச் 19

கோப்பைச் சுற்றின் முதல் ஆட்டம். காலையில் மக்லௌட் தாடையை அசைத்தார். நான் அப்படியே நின்றேன். அந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்றே தோன்றவில்லை. ப்ரூல் சறுக்கி வந்து என் கால் கவசத்தில் மட்டையால் தட்டினான்.

"அண்ணே, நீங்கதான். இறங்குங்க."

கிண்டல் இல்லை அவன் குரலில். அதுதான் என்னவோ செய்தது.

மாலையில் ஐந்து கோல், எல்லாம் இடப்பக்கம். இரண்டாம் பகுதியோடு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 2

சீசன் முடிந்தது. ப்ரூல் நன்றாக ஆடினான்.

ஆகஸ்ட் 17

மக்லௌட் போன். முகாமுக்கு வா, பார்க்கலாம் என்கிறார். சந்தோஷத்தில் உடனே சரி என்றேன். சந்தோஷம்தானா?

"உள்ளத உள்ளபடி எழுதுறதா இருந்தா போ," என்றாள் கொலீன். சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 8

உள்ளபடி எழுதினேன். மூன்று.

ஃப்ரீசன் வாய்விட்டுச் சிரித்தார். "டேய் வாஸி, அஞ்சுன்னா கூட நம்புற மாதிரி நடிப்பேன். மூணுன்னா? உங்க ஆளுங்க பண்ற கூத்து எனக்குத் தெரியாதா? போ, ஒழுங்கா எழுது."

வேறு பன்னிரண்டு வார்த்தைகள். முழு மூச்சாக உட்கார்ந்தேன். பாலம். சட்டி. அதற்குமேல் வெறும் வெள்ளை.

வெளியே வரிசையில் நின்றவர்கள் எத்தனை எழுதலாம் என்று பேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ரீசன் என் பின்னால் வந்து திரையைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டேரில்," என்றார். "எப்பலேர்ந்து?"

ஜனவரி என்றேன். எந்தத் தேதி என்றார். இந்த நோட்டைப் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.