மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு முழு நாள்

இல்லை, பயணத்தை இன்னும் ரத்து செய்யவில்லை. ரத்து என்று ஓட்டுநரிடம் சொல்லத்தான் இன்று காலை பேருந்தில் போனை எடுத்தேன். அதற்குள் ஹட்டனிலிருந்து அவருடைய குரல்பதிவு வந்திருந்தது. இலங்கையைச் சுற்ற நாம் போன வருடம் வண்டி பேசிவைத்து, விடுப்புக் கிடைக்காமல் இந்த வருடம் வரும் மாதத்துக்குத் தள்ளிப்போட்டோமே, அதே ஆள். நம் அட்டவணையை இப்போதுதான் முழுக்கப் படித்திருக்கிறார்.

"மிஸ், எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா எதுக்கு இருபத்தொரு நாள்? மன்னார்ல இருந்து யாழ்ப்பாணம் ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம். நீங்க ஒரு முழு நாள் போட்டு, நடுவுல ராத்தங்கல் வேற. அந்த ரோட்டுல மாடு படுத்திருந்தாத்தான் நிப்பாட்டணும். பன்னிரண்டு நாள் தாராளம் மிஸ்."

டின் ஃபேக்டரி நெரிசலில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. நான்கு முறை கேட்டேன். பேருந்து நகரவில்லை.

அலுவலக கேன்டீனில் போட்ட அட்டவணை அது. கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து ஒயிட்ஃபீல்டில் இறங்குவாய். மதியம் வரை உன் தலைமுடி முழுதாகக் காய்ந்திருக்காது. சாப்பாட்டு நேரத்தில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிவைப்பாய். இடங்களை எழுதுவது நீ. அவற்றுக்கு நேரம் போடுவது நான்.

புத்தளத்தின் உப்பளம். வில்பத்துக் காடு. மன்னாரின் மணல்மேடு. பூநகரியின் ஆழமில்லாத நீர். திருகோணமலைக் கடல். ஹட்டன் தேயிலைச் சரிவு. ஹோர்ட்டன் சமவெளியின் புல். தெற்கே யால முட்காடு. ஒரு தீவுக்குள் இத்தனை நிலமா என்று கேட்டேன்.

"எங்கப்பா பூமிக்குள்ள எறங்கியே ஆயுசைக் கழிச்சாரு. நான் மேகத்துக்குள்ள நிக்கணும்டி. மத்ததெல்லாம் போற வழி."

ஆனால் போற வழியில் ஒன்றைக்கூட நீ விட்டுக்கொடுக்கவில்லை.

நான் ஒவ்வொரு தூரத்தையும் இந்த ஊர்க் கணக்கில் பெருக்கினேன். ஃபிரேசர் டவுனிலிருந்து அலுவலகம் வர இரண்டு மணி நேரம் எடுக்கும் எனக்கு, நூறு கிலோமீட்டர் என்றால் ஒரு நாள்.

"ஏய், மேப்புல ரெண்டரை மணின்னுதான காட்டுது."

"மேப் நம்ம ஊர்லயும் அப்படித்தான் காட்டும்."

"அங்க என்ன, சில்க் போர்டு டிராஃபிக்கா இருக்கு?"

"மேப்ப நம்பாத. பொறப்புட்டுட்டு நடுரோட்ல நிக்கப் போறோமா?"

நீ சிரித்தாய். "சரி மேடம், போட்டுக்கோ. நீ பத்து நிமிஷ தூரத்துக்கே டிஃபன் கட்டுற ஆளு."

இருபத்தொரு நாள் ஆனது. இரண்டு வாரத்துக்கு மேல் விடுப்பு இல்லை என்று மேனேஜர் சொன்னார். இடங்களைக் குறைக்கலாம் என்றேன். "ஒண்ணையும் வெட்டாத. அடுத்த வருஷம் லீவு சேத்துவெச்சுப் போலாம்" என்றாய். எனக்கும் அலுப்பாக இருந்தது. சரி என்றேன்.

மழைக்காலத்தில் உனக்கு டெங்கு. ஆறு நாள்.

உன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உன் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் இருமினார். பிறகு, "எலங்கைக்குப் போணும்னே இருந்துச்சும்மா. லீவு கெடைக்கலன்னு சொல்லுச்சு" என்றார். ஆமாம் அங்கிள் என்றேன். அன்று அதை நானும் நம்பினேன்.

விடுப்பு இருந்திருக்கிறது. இரண்டு வாரம் போதுமானதாக இருந்திருக்கிறது. போதாமல் செய்தது என் எண்கள். உன் அப்பாவிடம் இதைச் சொல்வதா என்று தெரியவில்லை. இன்று அழுகை வரவில்லை. வெறும் அசதி. ஏறாத படிகளில் ஏறியதுபோலக் கால் வலிக்கிறது.

உன்னுடைய எத்தனையோ பேச்சு மறந்துபோய்விட்டது. மேப்பை நம்பாதே என்று நான் சொன்னது மட்டும், அந்த நிச்சயத்தோடு, அப்படியே காதில் இருக்கிறது. அது போகும் என்று தோன்றவில்லை.

மதியம் கேன்டீனுக்குப் போகவில்லை. என் இருக்கையிலேயே அட்டவணையைத் திறந்து நேரங்களைத் திருத்தினேன். நீ எழுதிய இடங்களில் ஒன்றையும் தொடவில்லை. பன்னிரண்டு நாள் வந்தது. மேனேஜரிடம் போனேன். "ட்வெல்வ் டேஸ்தானே? ஓகே" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாடிப்படியில் நின்று ஓட்டுநரைக் கூப்பிட்டேன். வருகிறேன், பன்னிரண்டு நாள் என்றேன்.

"சந்தோஷம் மிஸ். ரெண்டு பேருக்குத்தானே ரூம்?"

ஒருவருக்கு என்றேன். மற்ற மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன்.