முதல் வரியில் இரண்டு ரூபாய்

786
அக்கரப்பத்தனை கடைவீதி,
19.12.1954

அன்பு மகள் ரபீக்காவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், உம்மாவுக்கு மட்டும் மழையோடு வந்த இருமல் மழை போகும்வரை போகாது போலிருக்கிறது, கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிக்கிறாள், என்னையும் குடிக்க வைக்கிறாள், எனக்குத்தான் இருமல் இல்லையே என்றால் இது வரப்போகிற இருமலுக்கு என்கிறாள். நீயும் மருமகனும் சின்னவனும் அந்தப் புத்தளத்து வெயிலில் வாடாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். மருமகன் அனுப்பிய கருவாடு கெடாமல் வந்து சேர்ந்தது, தபால்காரர் மட்டும் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஐப்பசியில் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் முழுப் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. பண்டிகைக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்ப்பது எப்படி என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாயே, பலகாரக் கடை, நாடகம், நத்தார் நட்சத்திரம், நன்கொடைப் பட்டியல் என்று, அத்தனையையும் செய்து பார்த்துவிட்டோம். நான் இந்தப் பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவர் ஆனதே பெரிய கூத்து. பெரிய கங்காணி அழகுமுத்து தலைவரானால் தோட்டத்து வெளிவேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வரமாட்டார், கண்டாக்கையா தலைவரானால் கங்காணி வரமாட்டார், கடைசியில் இரண்டு பேருக்கும் சாமான் கொடுக்கிற என்னைப் பிடித்து உட்கார்த்திவிட்டார்கள்.

விஷயம் என்னவென்றால் மேல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒரே அறை, அதில் மூன்றாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை வைக்க இடமில்லை என்று சின்னத்தம்பி வாத்தியார் வருடம்தோறும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பழைய கொழுந்து மடுவம் ஒன்று சும்மா கிடக்கிறதல்லவா, முன்பு கொழுந்து நிறுத்த இடம், அதை நான்காம் ஐந்தாம் வகுப்புக்குக் கொடுக்கத் துரை சம்மதித்தார். ஆனால் கூரைத் தகரத்தையும் பிள்ளைகள் உட்கார வாங்குகளையும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும், டிசம்பர் இருபத்தைந்து நத்தாருக்குள் தகரம் வந்து சேராவிட்டால் ஜனவரியில் அதில் உரமூட்டை அடுக்கிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். முந்நூறு ரூபாய் வேண்டும். கொழுந்து எடுக்கிற ராக்காயியின் மகள் லெட்சுமி உனக்கு நினைவிருக்குமா, நீ கல்யாணமாகிப் போகும்போது நம் கடை வாசலில் நின்று மூக்கு வடிய அழுதாளே, அவள் இந்த வருடம் மூன்றாம் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். அறை இல்லையென்றால் தை பிறந்ததும் அவளும் தாய்க்குப் பின்னால் மலைக்குப் போக வேண்டியதுதான்.

இப்போது உன் யோசனைகளின் கதையைக் கேள். முதலில் தீபாவளிக்குப் பலகாரக் கடை. வாத்தியார் வீட்டம்மாவும் நாலைந்து பெண்களும் சேர்ந்து இரண்டு நாள் முறுக்குச் சுட்டார்கள், நம் கடை எண்ணெய், நம் கடை மாவு. தீபாவளியன்று தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டில்தான் முறுக்கு இல்லை? எங்கள் முறுக்கை வாங்க வந்தவர்கள் காசுக்குப் பதிலாகத் தங்கள் வீட்டு முறுக்கில் ஒரு தட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதே அளவு எடுத்துக்கொண்டு போனார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. மாலையில் பார்த்தால் போட்ட அளவு முறுக்கு அப்படியே இருந்தது, ஒன்றுகூட நாங்கள் சுட்டது அல்ல. பிறகு நாடகம். கீழே மைதானத்தில் மேடை, சுற்றிச் சாக்குப் படுதா, வாசலில் ஆள் நிறுத்தி இருபத்தைந்து சதம் டிக்கட். லயங்கள் எல்லாம் மைதானத்துக்கு மேலே மலைச்சரிவில் இருப்பது எங்கள் ஒருவருக்கும் நினைவு வரவில்லை! சனங்கள் அவரவர் வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து மேலிருந்தே முழு நாடகத்தையும் பார்த்தார்கள், நல்ல கட்டம் வந்தால் கை தட்டினார்கள், வசனம் கேட்காவிட்டால் சத்தமாகப் பேசச் சொல்லித் திட்டவும் செய்தார்கள். உள்ளே டிக்கட் வாங்கி உட்கார்ந்தது நானும் டிஸ்பென்சரி ஐயாவும், மேலே வீடு இல்லாத இன்னும் கொஞ்சம் பேரும். பதினெட்டு ரூபாய் மிஞ்சியது. நட்சத்திரக் கதையைச் சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகள் அழகழகாகக் காகித நட்சத்திரம் ஒட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் கட்டித் தொங்கவிட்டார்கள், மூன்று விற்றது, மழை வந்தது, மற்றதெல்லாம் சாக்கடையில் சிவப்பும் பச்சையுமாக ஓடியது.

கடைசியில் நன்கொடைப் பட்டியல். இதில்தான் நானே என் மானத்தை வாங்கிக்கொண்டேன், அதை உன் உம்மா எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். இங்கே எந்தப் பட்டியல் கிளம்பினாலும் முதல் வரி கடைக்காரனுக்கு, முதல் வரியில் என்ன தொகை இருக்கிறதோ அதற்கு மேல் யாரும் போடமாட்டார்கள், மேலே போட்டால் முதல் ஆளைச் சிறுமைப்படுத்தியதாக ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததா? முப்பது வருடமாக முதல் வரியில் இருப்பவன் நான். ஆனால் அந்த வாரம் பள்ளிவாசல் பட்டியல் வந்தது, கோயில் பட்டியல் வந்தது, பந்தடிக்கிற பொடியன்கள் பட்டியல் வந்தது, நான்காவதாக வாத்தியார் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல், பேனாவை வாங்கி இரண்டு ரூபாய் என்று எழுதிவிட்டேன். சின்னத் தொகை எழுதினால்தானே ஏழைகள் கூச்சப்படாமல் எழுதுவார்கள் என்று வாத்தியாரிடம் வேறு சொன்னேன். அது பொய், அன்றைக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். அடுத்தது பெரிய கங்காணி. “பாவா நானாவே ரெண்டு ரூவாதான் போட்டிருக்காரு, அவருக்கு மேல நாம போட்டா அவருக்கு மரியாதையா இருக்குமா?” என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒன்றே முக்கால் எழுதினாராம், அந்த மரியாதையில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்டாக்கையா ஒன்றரை. அப்படியே இறங்கி இறங்கிப் பத்துச் சதத்தில் வந்து நின்றது. மொத்தம் முப்பத்தொரு ரூபாய். உன் உம்மா கணக்கைக் கேட்டுவிட்டு, “ஒங்கட ரெண்டு ரூவாய்க்குக் கீழ ஊரே குனிஞ்சு நிக்கிது” என்றாள். மூன்று நாள் பேசாமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மூன்று நாளும் அதையே பேசினாள்.

ஒரு சைபரைச் சேர்த்து இருபதாக்கிவிடலாம் என்று வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பட்டியலை மடித்து மார்போடு வைத்துக்கொண்டார். “வேணாம் நானா, இருபதுக்குக் கீழ ஒன்னே முக்கால் நின்னா கங்காணியாரு மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது” என்றார். அவர் சொல்வதும் சரிதான். புதுத் தாளில்தான் தொடங்க வேண்டும், ஆனால் முதல் வரிக்கு யார்? நான் எழுதினால் பழைய தாளில் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள், கங்காணி எழுதினால் கண்டாக்கையாவுக்குக் கோபம். டிசம்பர் ஐந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, கடை நிறையக் கூட்டம், வாத்தியாரும் நானும் வெள்ளைத் தாளை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறோம், மண்ணெண்ணெய் வாங்க வந்த ராக்காயி எட்டிப் பார்த்து, “பள்ளிக்கூடத்துத் தாளு என்னாச்சு நானா?” என்றாள். ஆள் கிடைக்கவில்லை என்றேன். “கொழுந்து எடுக்குறவங்ககிட்ட யாரும் கேக்கவே இல்லியே, கேட்டாத்தானே குடுக்குறதுக்கு?” என்றாள். உண்மைதான் மகள், பட்டியல் கடைவீதியில் நடந்தது, பங்களாக்களுக்குப் போனது, யாருடைய பிள்ளைகளுக்கு அறை கட்டுகிறோமோ அந்த லயத்துப் பக்கம் ஒரு நாளும் போகவில்லை, அவர்களிடம் என்ன இருக்கப்போகிறது என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. அவள் மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, “மொத வரியில எம் பேர எழுதுங்க வாத்தியாரே. ராக்காயி, ரெண்டு நாள் பேரு. சம்பளத்துல வெட்டிக்கச் சொல்லுங்க” என்றாள். இங்கே ஒரு நாள் கூலியை ஒரு பேர் என்பது உனக்கு மறந்திருக்காது. மழையில் நனைந்து அட்டை கடித்து இரண்டு நாள் எடுக்கிற கொழுந்துக்கு வருகிற கூலி. முதலாளி நான் எழுதிய தொகையை விட அது அதிகம். எனக்குத் தலை நிமிரவில்லை, வெட்கமாக இருந்தது, அதை எழுதுவதில் எனக்கு இப்போது வெட்கமில்லை.

அவள் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். இரண்டாம் வரியை வெறுமையாக விட்டுவிடுங்கள் என்று வாத்தியாரிடம் சொன்னேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் தாள் சுற்றியது, இரண்டு பேர், ஒரு பேர், அரைப் பேர் என்று பெண்கள் போட்டிபோட்டுக்கொண்டு விரல் வைத்தார்களாம், பத்தாம் திகதிச் சம்பளத்தில் நூற்று நாற்பது ரூபாய்க்கு மேல் சேர்ந்துவிட்டது. பிறகு பெரிய கங்காணியைப் பார்க்க வேண்டுமே! கொழுந்துக்காரி நாலு ரூபாய் போட்ட தாளில் அவர் ஒன்றே முக்கால் எழுத முடியுமா? இருபத்தைந்து எழுதினார். இரண்டாம் வரி வெறுமையாக இருப்பதைப் பார்த்து அது துரைக்கு விட்டிருப்பதாக அவரே முடிவுசெய்துகொண்டு, துரைக்கு அடுத்தபடியாக நான் என்று, மூன்றாம் வரியில் ஏற்கெனவே விரல் இருந்ததால் தாளின் ஓரத்தில் மூன்றாம் இலக்கமும் போட்டுக் கையெழுத்து வைத்தார், நானும் மறுக்கவில்லை. கண்டாக்கையா அவருக்குக் குறையக்கூடாதே என்று அதே இருபத்தைந்து. கடைசியில் தாள் என்னிடம் வந்தது, முந்நூறுக்கு என்ன குறைந்ததோ அதைக் கடைசி வரியில் எழுதிக் கொடுத்தேன், எவ்வளவு என்று உனக்கு எழுதமாட்டேன், உம்மா எப்படியும் எழுதுவாள். வெள்ளிக்கிழமை ஹட்டனிலிருந்து லொறியில் தகரம் வந்தது. நேற்று முழுவதும் மடுவத்தில் ஆணி அடிக்கிற சத்தம் கடைவரைக்கும் கேட்டது. லெட்சுமிக்கு நான்காம் வகுப்பில் இடம் உண்டு, நேற்றே போய்த் தன் இடம் எது என்று சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாளாம்.

இனி அந்த இரண்டாம் வரி. விரலில் மையைத் துடைத்துக்கொண்டே ராக்காயி என்னிடம் ஒன்று கேட்டாள், இதை உம்மாவிடமும் நான் சொல்லவில்லை. “நம்ம ரபீக்கா எழுதுற கடுதாசிய நீங்க படிச்சுக் காட்டும்போதெல்லாம் எனக்கு ஆசையா இருக்கும் நானா. அஞ்சு வரைக்கும் படிச்சதுக்கே அது இப்புடி எழுதுதுன்னா இன்னும் படிச்சிருந்தா எப்புடி எழுதியிருக்கும்?” அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை, அவளுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது, சும்மாதான் கேட்டாள். அதைக் கேட்டுத்தான் இரண்டாம் வரியை விடச் சொன்னேன். உனக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை மகள், ஐந்துக்கு மேல் படிக்க ஹட்டனில் பள்ளிக்கூடம் இருந்தது, பஸ் இருந்தது, பணமும் இருந்தது. பொம்பிளைப் பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்பப் பயம் என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன், பயம் பஸ்ஸுக்கு இல்லை, ஊர் வாய்க்கு. நீ இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய், மூன்றாம் நாள் எழுந்து வந்து கடைப் பற்றுப் புத்தகத்தை எழுதத் தொடங்கினாய், அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊரார் பிள்ளைகளுக்கு அறை கட்டும் கமிட்டிக்குத் தலைவராக உட்கார்ந்திருக்கிறேன், என் வீட்டுப் பிள்ளைக்குக் கதவைச் சாத்தியவன் நானே. செய்தது பிழை. என்னை மன்னித்துக்கொள்.

பேத்தி ஒன்று பிறந்தால் அவள் படிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை, நீ என்னைவிட நன்றாகச் செய்வாய். சின்னவனை வெயிலில் விடாதே, மருமகனுக்கு என் சலாம், உம்மா உனக்காகக் கட்டிவைத்திருக்கிற தேயிலைப் பொட்டலம் அடுத்த வாரம் வரும் சொந்தக்காரர் கையில் வரும். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பட்டியலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், வாத்தியார் அதைக் கண்ணாடி போட்டுப் புது அறைச் சுவரில் மாட்டப்போகிறார், தை முதல் வாரத்துக்குள் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடு. பணம் வேண்டாம், அது சேர்ந்துவிட்டது. ராக்காயியின் விரலுக்குக் கீழே இருக்கிற வெற்று வரியில் உன் பெயரை உன் கையாலேயே எழுது, கங்காணிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
பாவா