எல்லம்மா உட்கார்ந்த கல்

ஊரிகம்
12-8-1963

அன்புள்ள கன்னியம்மாவுக்கு,

நான் சுகம். உன் பல்வலி விட்டதா? பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்பி வரவில்லையே?

இங்கே ஒரு வேடிக்கை கேள். சுரங்கத்து ஆட்களின் லைன் வீடுகள் மூச்சுவிட இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று எழுதியிருந்தேனே, அங்கே குழாயடிக்குப் பின்னால் மிச்சமிருந்த சந்தில், ஜனங்கள் நிம்மதியாக உட்கார ஓர் இடம் கட்டச் சொன்னார் இன்ஜினீயர். நானே கல் பெஞ்சு போட்டு, பக்கத்தில் புங்கஞ்செடி வைத்தேன். முதலில் வந்து உட்கார்ந்தவள் எல்லம்மா. அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் சுரங்கத்தில் பாறை வெடித்து அவள் புருஷன் செத்தான்.

அதிலிருந்து வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. எல்லம்மா குடத்தோடு வந்தால், "உன் கல்லு அங்க கீது, போய் ஒக்காரு" என்று விரட்டுகிறார்கள். எல்லோரும் பிடித்தபிறகுதான் அவளுக்குத் தண்ணீர்.

நேற்று இன்ஜினீயர் வந்தபோது அவள் அதில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு அமைதி பாரு! அடுத்த லைன்லயும் ஒண்ணு போட்டுடு" என்றார். அவர் தலை மறைந்ததும் ஒருத்தி கேட்டாள்: "அடுத்து எவ தாலிய அறுக்கப் போறே, மேஸ்திரி?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் புளியும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. சங்கு ஊதிவிட்டது, முடிக்கிறேன். அறையில் எட்டுப் பேர். உன் கடிதத்தைத் தனியாகப் படிக்க எனக்கும் அந்தச் சந்துதான் இருக்கிறது. பயப்படாதே, நின்றுகொண்டுதான் படிக்கிறேன்.

உன்
ஏகாம்பரம்