சனிக்கிழமை வகுப்புக்கு, வீட்டிலிருந்து

ஜூன் 7

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் வகுப்பில் பாடம் முடியும் முன்பே தங்கள் வேலையை முடித்துவிட்டு அடுத்தவர் பையை நோண்டும் பன்னிரண்டு பிள்ளைகளைப் பொறுக்கி, சனிக்கிழமைதோறும் ஒரு தனி வகுப்பு தொடங்கியிருக்கிறோம். உங்கள் மகளும் அதில் ஒருத்தி. வீட்டில் அவளை "சில்வண்டு" என்று கூப்பிடுவீர்களாம். முதல் நாளே சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே பாடமும் இல்லை, மனப்பாடமும் இல்லை. யோசிப்பது மட்டும்தான். வாரம் ஒரு பயிற்சித்தாள் உறையில் வரும். பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து அதைச் செய்து, நடந்ததைக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும். இது கண்டிப்பான விதி. பெற்றோரால் முடியாத வீடுகள் தெரிவித்துவிட்டால், அந்த இடத்தைக் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குக் கொடுப்போம்.

இந்த வாரம்: ஒரு காகிதக் கப்பை வைத்து என்னென்ன செய்யலாம்? பத்து சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை


ஜூன் 8

அன்புள்ள டீச்சருக்கு,

இதை அனுப்ப மாட்டேன். எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

நான் சில்வண்டின் அம்மா இல்லை, அக்கா. பதினேழு வயது. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டேன். அப்பா லாரியோடு போனால் வர இருபது நாள் ஆகும். அம்மா தையல் ஆலையில் சட்டைக்குக் கை மட்டும் வைத்துத் தைக்கிறார். சின்னவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்றபோது நான் அழவில்லை. வகுப்பில் எழுந்து நின்றாலே எனக்கு உடனே உட்கார்ந்துவிடத் தோன்றும். விடை தெரியும், வார்த்தைதான் வராது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பெத்தவங்கதான் செய்யணுமாமா? நேரத்துக்கு நான் எங்கடி போவேன்? நீயே செஞ்சு எழுதிப் போட்டுடு. அவள வளக்கறதே நீதானே" என்று சொல்லி, சொன்ன இடத்திலேயே தூங்கிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் அவள் இடம் போய்விடும். மற்ற நாட்களில் அவள் கேள்வி கேட்டுக் கேட்டே வகுப்புக்கு வெளியே நிற்கிறாள். நேற்று ஒருநாள்தான் யாரும் அவளை வாயை மூடச் சொல்லவில்லை. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அம்மா என்று கையெழுத்துப் போடவும் மாட்டேன்.


ஜூன் 12

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். காகிதக் கப் பயிற்சி செய்தோம். பத்தையும் நாலு நிமிடத்தில் சொல்லிவிட்டு, "அவ்ளோதானா?" என்றாள். முகம் சப்பென்று ஆகிவிட்டது. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

கப்பை வைத்துச் செய்யவே முடியாத பத்துக் காரியம் சொல் என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "இது ரொம்ப ஈசி. கப்புல தூங்க முடியாது" என்றாள். எழுதிக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்து ஓடி வந்து, "அத அடிச்சிடு. ஆயிரம் கப்பக் கவுத்துப் போட்டா மெத்த ஆயிடும்" என்றாள். அதையும் எழுதினேன். கப்பால் பாட முடியாது என்றாள், பிறகு வாயில் வைத்து ஊதிப் பார்த்து அதையும் அடித்தாள். இரண்டு நாளாக இதே வேலை. தட்டில் சாப்பாடு ஆறிப்போகிறது, இவள் கப்போடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

கடைசியில் அடிபடாமல் நின்றவை மூன்று: கப்பால் வயதைக் குறைக்க முடியாது, நேற்றைக்குப் போக முடியாது, ஒரு கப்புக்குள் அதே கப்பைப் போட முடியாது. மூன்றாவதில் அவளுக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

இப்படிக்கு,
சில்வண்டின் வீட்டிலிருந்து


ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்தேன். இன்று வகுப்பில் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன். பன்னிரண்டு பேரும் ஒருவர் பட்டியலை ஒருவர் அடித்ததில் அறை சந்தைக்கடை ஆகிவிட்டது. அடுத்த அறை ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். போகவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

தவறாக இருந்தால் மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகத் தவறு செய்யுங்கள்.

அடுத்த பயிற்சி: வீட்டில் ஏதாவது ஒன்றை ஒரு வாரம் எண்ணி, கட்டம் போட்டு வரைபடம் ஆக்க வேண்டும். தெருவில் போகும் சைக்கிள், ஜன்னலுக்கு வரும் பறவை, எதுவானாலும் சரி.

அன்புடன்,
ஆசிரியை


ஜூன் 23

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். சைக்கிள் வேண்டாமாம், பறவையும் வேண்டாமாம். "அதெல்லாம் யார் வேணா எண்ணலாம். நம்ம வீட்ல மட்டும் இருக்கறத எண்ணணும்" என்று அடம்பிடித்து, அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அம்மா பேசாத நிமிடங்கள்.

வேலையிலிருந்து வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்துவிடுவார். யார் என்ன கேட்டாலும் பதில் வராது. முதல் சொல் வரும்வரை இவள் கடிகாரத்தைப் பார்த்தாள். திங்கள் ஆறு நிமிடம், செவ்வாய் எட்டு, புதன் பதினொன்று. வியாழன் வாசலிலேயே ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றாள். அன்று ஏழுதான். "தண்ணி குடுத்தா கொறையுது" என்று கண்டுபிடித்தாள். ஒரு நாளை வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்டால் யோசிக்கிறாள். எனவே வெள்ளி வேண்டுமென்றே தண்ணீர் தரவில்லை. பதினான்கு. சனி தண்ணீர் கொடுத்தாள். எட்டு. ஞாயிறு பூஜ்யம். "இன்னிக்கு அம்மா பேச ஆரம்பிச்சது காலைல. இன்னும் நிறுத்தல" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

மாட்டிக்கொண்டது சனிக்கிழமைதான். "என்னடி, வந்ததும் வராததுமா என்னையே பாக்கற, கடிகாரத்தையே பாக்கற?" என்று கேட்க, இவள் நோட்டைக் காட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் கட்டங்களைப் பார்த்தார். "ஆலைல சூப்பர்வைசர் எண்றது போதாதுன்னு வீட்டுலயும் ஒருத்தியா?" என்று சிரித்துவிட்டார். வரைபடம் இப்போது அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சில்வண்டின் வீட்டிலிருந்து


ஜூன் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

தன்னைப் பற்றியே ஒருவர் இப்படித் தள்ளி நின்று எழுதி நான் படித்ததில்லை. "அம்மா கொஞ்ச நேரம் கட்டங்களைப் பார்த்தார்" என்று உங்களையே எழுதுகிறீர்களே, எப்படி முடிகிறது? நான் எழுதினால் வரிக்கு மூன்று "நான்" வரும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். மற்ற பதினோரு வீடுகளிலிருந்தும் எனக்கு வருவது "நன்று, செய்தாயிற்று" என்ற ஒற்றை வரிதான். அதோடு வங்கி மேலாளராக இருக்கும் ஒரு அப்பா, "நாலாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தருவீங்கன்னு பார்த்தா, டீக்கடை கப்ப வெச்சு விளையாடறீங்களே" என்று தலைமை ஆசிரியையிடம் போய்விட்டார். ஜூலை 5 பெற்றோர் கூட்டம். நீங்கள் எழுந்து பத்தே நிமிடம் பேச வேண்டும். இந்த இரண்டு கடிதங்களில் இருப்பதைச் சொன்னாலே போதும். அரைநாள் விடுப்புக்கு வேண்டுமானால் ஆலைக்கு நான் கடிதம் தருகிறேன்.

எதிர்பார்ப்புடன்,
ஆசிரியை


ஜூன் 27

அன்புள்ள டீச்சருக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்து இது நான்காவது.

இதுவரை எழுதியது சில்வண்டின் அம்மா இல்லை. அவள் அக்கா, நான். எட்டாவது வரைதான் படித்தேன். அம்மாவுக்கு நேரம் இல்லாததால் பயிற்சி எல்லாம் நான்தான் செய்தேன். பெற்றோர் செய்ய வேண்டும் என்ற விதி தெரிந்தேதான் செய்தேன். நீங்கள் "அம்மாவுக்கு" என்று எழுதியபோதெல்லாம் திருத்தியிருக்க வேண்டும். கூட்டத்தில் அம்மா வந்து நின்றால், அவர் எழுதாததை அவரே எழுதியதாகச் சொல்ல வேண்டி வரும். உங்கள் முகத்துக்கு நேரே அம்மாவைப் பொய் சொல்ல வைக்க என்னால் முடியாது.

தப்பு என்னுடையது. அவளை வகுப்பிலிருந்து எடுக்கத்தான் வேண்டும் என்றால், அவளிடம் நேரடியாகச் சொல்லாமல் எனக்கு எழுதுங்கள். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மன்னிப்பை வேண்டும்,
சில்வண்டின் அக்கா

மிஸ் நான் இதைப் பிரிச்சுப் படிச்சிட்டேன். ஒட்டு சரியா ஒட்டல. எங்க அக்கா பொய் சொல்லல. நீங்கதான் யாருன்னு கேக்கவே இல்ல. நான் பக்குவமா இருப்பேன். ஆனா எடுக்காதீங்க. சில்வண்டு.


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதினேழு வயதுப் பெண்ணுக்கு "நீங்கள்" போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. இனி மாற்றுவதாக இல்லை.

முதலில் கோபம் வந்தது, மறைப்பானேன். ஏமாந்துவிட்டேனே என்று. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அந்தக் கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. அந்த விதியை எழுதியவள் நான். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரத்தில் எழுதியது. ஒரு வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. யோசிக்கக் கற்றுத் தரும் ஆசிரியை.

கடிதத்தைத் தலைமை ஆசிரியையிடம் காட்டினேன்.

"அம்மா இல்லையாம் மேடம். அக்காவாம். எட்டாவதாம்."

"மத்த பதினோரு வீட்லயும் பெத்தவங்களே எழுதினாங்களா?"

"ஆமா மேடம்."

"என்ன எழுதினாங்க?"

"நன்று-ன்னு."

"அப்ப எட்டாவதே இருக்கட்டும்."

சில்வண்டின் இடம் அவளுடையதுதான். விதியில் "பெற்றோர்" என்பதை அடித்து "வீட்டில் ஒருவர்" என்று திருத்தியாகிவிட்டது. ஆனால் கூட்டத்தில் அந்தப் பத்து நிமிடம் எனக்கு இன்னும் வேண்டும். நீங்கள் வர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியை


ஜூலை 1

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்கும் படித்தேன். "அந்த மேடம் நல்லா இருக்கட்டும்" என்றார்.

அத்தனை பேர் முன்னால் எனக்குப் பேச வராது டீச்சர். முயற்சி செய்கிறேன் என்று சொல்லி உங்களை நடுவில் மாட்டிவிட எனக்கு விருப்பம் இல்லை. ஒன்று கேட்கலாமா? பேசாமலே நடத்தலாமா? கரும்பலகையும் நிறைய சாக்பீஸும் இருந்தால் போதும்.

சில்வண்டின் அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

கூட்டம் முடிந்ததும் பின்வாசல் வழியாக ஓடிவிட்டீர்கள். அதனால் நீங்கள் பார்க்காததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நீங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நேராகக் கரும்பலகைக்குப் போய், "இருபது நிமிடம் யாரும் பேசக்கூடாது. இந்த அறையில் வட்டமாக இருப்பவை எவை? யாரும் பார்க்காததைப் பார்த்தவர் வந்து வரையலாம்" என்று எழுதியபோது, நான் தலைமை ஆசிரியையின் முகத்தைத்தான் பார்த்தேன். முதலில் பெற்றோரும் பிள்ளைகளுமாக எல்லாரும் கடிகாரத்தையும் பந்தையும் வரைந்தார்கள். பிறகுதான் தொடங்கியது. சட்டைப் பொத்தான், பேனா முனை, பக்கத்துப் பிள்ளையின் கண்மணி. வங்கி மேலாளரின் மகன் அப்பாவின் தலையைச் சுட்டிக்காட்டிவிட்டு, பின்னால் இருக்கும் சொட்டையை அளவு மாறாமல் வரைந்தான். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். அந்த மனிதர் எழுந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். மண்டியிட்டு பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்துபோய், திருகாணித் தலை ஒன்றைக் கண்டுபிடித்து வந்து பலகையில் வரைந்தார். முழங்கால் முழுக்கத் தூசி. அரைநாள் விடுப்பில் வந்திருந்த உங்கள் அம்மா ஒரு ஊசிக் காதை வரைந்தார். அது தன் சேலையில் குத்தியிருந்த ஊசியாம்.

நான் கேட்டது பத்து நிமிடம்; நீங்கள் எடுத்துக்கொண்ட இருபது நிமிடமும் சில்வண்டு வாய் திறக்கவில்லை. மற்ற நாட்களில் அவளை வெளியே நிறுத்தும் வகுப்பாசிரியை அதை நம்ப முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் போன பிறகு மேலாளர் என்னிடம், "அந்தப் பொண்ணு எந்தக் காலேஜ்ல பயிற்சி எடுத்தாங்க?" என்று கேட்டார். தலைமை ஆசிரியை முந்திக்கொண்டு, "வீட்லதான்" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை வகுப்பை என்னோடு சேர்ந்து நடத்த வருவீர்களா? சம்பளம் உண்டு. பெரிய தொகை இல்லை. கூட ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கல்வித்தகுதி என்ற இடம் உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் காலியாக விட்டுவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன். பதவி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. "உதவியாளர்" என்று எழுதட்டுமா?

காத்திருக்கும்,
ஆசிரியை


ஜூலை 8

அன்புள்ள டீச்சருக்கு,

வருகிறேன். பெரியவர்கள் கூட்டம் என்றால் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகள் என்றால் வருகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டுக்காரப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து, "மூத்தவ பள்ளிக்கூடத்துல இருக்கா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சில்வண்டுதான் என் காதில், "அம்மா நீ படிக்கறேன்னு சொல்லல, இருக்கேன்னுதான் சொல்றாங்க. சரியாத்தான் இருக்கு" என்றாள்.

வரும் சனிக்கிழமைக்கு ஆளுக்கு ஒரு துண்டு நூல் வேண்டும், பன்னிரண்டு பேருக்கு. ஒருவர் நூல் இன்னொருவருடையதற்குச் சமமாக இருக்கக் கூடாது. ஏன் என்று அவர்களே வந்து கேட்கட்டும்.

படிவத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். கல்வித்தகுதியைக் காலியாக விட வேண்டாம் டீச்சர். "எட்டாம் வகுப்பு" என்று முழுதாக எழுதியிருக்கிறேன். பதவி என்ற இடத்தைத்தான் விட்டுவைத்திருக்கிறேன். முதல் வகுப்பு முடியட்டும். பிள்ளைகள் என்னை என்னவென்று கூப்பிடுகிறார்களோ, அதை அங்கே எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
சில்வண்டின் அக்கா