மொட்டைப் பாறை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் படகும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நல்ல சேதி ஒன்று. கடலடிப் பாறையில் இருந்த தாடையன்களை ஏறக்குறைய துடைத்துவிட்டோம். எல்லாம் இடுப்புயர மீன்கள். சிப்பி ஓட்டையே கடித்து நொறுக்கும் வாய். சின்ன மீன்களை விழுங்கிக் கொழுத்தவை. இனி சின்ன மீன் பெருகும். உன் வீட்டில் தங்கி என் மகள் கணக்கு எழுதியது போதும். அனுப்பி வை, படகை அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.

உன் தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

முழங்கால், மழைக்கு முன்பே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது.

உன் மகள் கடிதத்தைப் படித்துவிட்டு, "அத்தை, நிஜமாவே படகைத் தர்றாரா? கரையில நின்னு வேடிக்கை பாருன்னுதானே இத்தனை நாளும் சொன்னாரு?" என்றாள். அன்றைக்கே வேலையை விடக் கிளம்பினாள். நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

பாடம் நடத்தியே பள்ளிக்கூடத்தில் கிடந்தவள் நான், உதாரணம் சொல்லாமல் இருக்க வராது. ஆசிரியர் வராத வகுப்பில் சாதுவான பிள்ளைகளா தலையெடுப்பார்கள்? தாடையன் வேறு எதைத் தின்றது? வயிற்றைக் கீறியவன் நீ. பார்த்து எழுது, அப்புறம் அனுப்புகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 8

அக்கா,

ரோஷத்தில்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை.

தாடையன் வயிற்றில் கறுப்பு முள்ளும் உடைந்த ஓடும் இருந்தன. கடல்முள்ளி, பாசி மேயும் முள்ளுருண்டைப் பிராணி. கழுவிக் கொட்டினேனே தவிர, யோசிக்கவில்லை. நேற்று மூழ்கிப் பார்த்தேன். தின்னத் தாடையன் இல்லாமல் பாறை முழுக்க முள்ளிகள், பந்து பந்தாக. பாசிக்காடு நின்ற இடத்தை மேய்ந்து மொட்டையடித்துவிட்டன. ஒளிய இடமில்லாமல் சின்ன மீனும் போய்விட்டது.

மகளை அனுப்பாதே. படகு இருக்கிறது, பிடிக்கத்தான் ஒன்றுமில்லை. இதை நீயே அவளுக்குப் பதமாகச் சொல்லிவிடு.

தம்பி

ஆகஸ்ட் 16

அன்புத் தம்பிக்கு,

பதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடிதத்தையே கையில் கொடுத்தேன். இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு, "முள்ளியை உடைக்க எந்தச் சுத்தியல் தோதா இருக்கும், அத்தை?" என்றாள்.

"எதுக்குடி?"

"தாடையன் மறுபடி வளர்ற வரைக்கும் அது வேலையை யாராவது பார்க்கணும்ல?"

வேலையை விடவில்லை. சனி, ஞாயிறு வருவாளாம். அவள் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மிஞ்சியிருக்கும் தாடையன் ஒன்றைக்கூட உன் தூண்டில் தொடக்கூடாது.

சம்மதம் என்றால் எழுத வேண்டாம். சனிக்கிழமை காலை பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நில். சுத்தியல் இரண்டு எடுத்து வருகிறாள்.

அக்கா