கல்லில் பதினோராவது பெயர்

9-8-99, திங்கள். கம்பம்.
காலையிலிருந்து சாரல். குடை தைக்கக் கொடுக்க வேண்டும். மறுபடியும் மறந்தாயிற்று.

ஞாயிறன்று நம்ம ஊரில் நினைவுக்கல் திறப்பு. போருக்குப் போன ஊர்க்காரர்களின் பெயர்கள்: பர்மா, 65, 71. ஏற்பாடு, ஓய்வுபெற்ற சுபேதார் மாரிச்சாமி. தேனி முன்னாள் படைவீரர் அலுவலகத்திலிருந்து பர்மா போனவர்கள் பட்டியலின் நகல் வாங்கி வந்திருக்கிறார். பதினோரு பெயர். ஊருக்குத் தெரிந்தவை பத்து. பதினோராவது, சிலைமலை. கேள்விப்பட்டவர் யாருமில்லை. வேறு ஊர்ப் பெயர் தவறி ஏறியிருக்கும் என்று சுபேதார் அடித்துவிட்டார். நானும் பர்மா போனவர்கள் பத்து என்றே பேப்பருக்குச் செய்தி அனுப்பினேன். இன்று வந்திருக்கிறது.

திராட்சை மண்டியில் முத்தம்மாள் பிடித்துக்கொண்டாள். வியாபாரி, ஐம்பது வயதிருக்கும். அப்பா ராசு, இவள் சிறுமியாக இருந்தபோதே இறந்தவர்.

"அண்ணே, பேப்பர்ல பர்மாவுக்குப் பத்துப் பேரு போட்டீகளே, எங்கய்யா எங்க?"

பட்டியலில் ராசு இல்லையே ஆத்தா என்றேன்.

"பட்டியல்ல இல்லேன்னா பர்மாவுலயும் இல்லையா? காயிதமெல்லாம் கூரை எரிஞ்சப்ப பெட்டியோட போச்சுண்ணே."

பக்கத்தில் ஒரு தரகர்: "ஒங்கய்யா மூணாறு எஸ்டேட்டுல ஒளிஞ்சிருந்துட்டு வந்தாருன்னுல்ல ஊருல பேச்சு."

திராட்சைப் பெட்டியை அவர் காலருகே வைத்தாள். போட்டாள் என்று எழுதுவதே சரி.

"ஞாயித்துக்கிழமை எம் மகளோட மாமியா வீட்டு ஆளுக எல்லாம் வாராக. அவுக முன்னால ஓடிப்போனவன் மகளா நிக்கச் சொல்றீகளா?"

ராசு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

10-8, செவ்வாய்.
வெயில். பல் டாக்டர்: இரண்டு நாள் சூடாக எதுவும் கூடாது. காபி போச்சு.

தெரியாத ஒருவன் பட்டியலில். தெரிந்த ஒருவன் பட்டியலில் இல்லை. இரண்டும் ஒரே ஊர். முப்பது வருடத் தொழில், இதை நேற்றே கேட்கத் தோன்றவில்லை. வெட்கம்.

முத்தம்மாள் வீடு. உங்கள் அய்யாவுடைய தாத்தா பெயர் என்ன?

"நான் என்னத்தக் கண்டேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்க குலசாமி கோயில்ல மட்டும் 'சிலைமலை வகையறா வாங்க'ன்னு கூப்பிட்டு விபூதி குடுப்பாக. ஏண்ணே?"

பேனா மூடியைத் திறக்க மறந்தே எழுதியிருக்கிறேன்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயரால் பெற்ற பிள்ளையைக் கூப்பிடவும் கூடாது. அதனால் வீட்டுக்கு ஒரு பெயர், ராசு. தெருவுக்கும் அதுவே, ரேஷன் கார்டுக்கும் அதுவே. பட்டாளத்தில் பெயர் கேட்டபோது வைத்த பெயரை, சிலைமலை என்று, சொல்லியிருக்கிறார். என் தம்பிக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. இருந்தும் தோன்றவில்லை.

11-8, புதன்.
சுபேதார் வீடு.
"நிருபரே, நீங்க சொல்றது பொருந்துது. ஆனா பொருந்துதுன்னு கல்லு வெட்ட முடியாது. எழுபத்தொண்ணுல எங்கூடப் போனவுக மூணு பேரு திரும்பல. அவுக பேரு பக்கத்துல நிக்கப் போற பேரு இது."
நியாயம். கோபம் வரவில்லை.

ஒப்பந்தம்: அப்பாவின் உடம்பு அடையாளத்தை முத்தம்மாள் முதலில் சொல்ல வேண்டும். எழுதி, சுபேதார் கையெழுத்து. பிறகு தேனியில் மூலப் பதிவேடு; நகலில் அடையாளங்கள் இல்லை.

அவள் யோசிக்கவேயில்லை. "இடது காது கீழ் மடல் அறுந்திருக்கும். மாடு பிடிக்கையில கடுக்கனோட போச்சாம். சின்னப்புள்ளையில அதைத் தடவிக்கிட்டேதான் தூங்குவேன்."

12-8, வியாழன். தேனி.
பஸ்ஸில் நின்றபடி. பதிவேடு, பழைய மதுரை மாவட்டத்து. பூச்சி அரித்த ஓரம். இங்கிலீஷ், அழகான கையெழுத்து. சிலைமலை. நம் ஊர். பர்மா முனை. அடையாளம்: இடது காது மடல் கிழிந்தது.

சுபேதார் கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை படித்தார். எழுந்து நின்றார். குமாஸ்தா பயந்து அவரும் எழுந்தார்.

திரும்பும் பஸ், சின்னமனூர் தாண்டியாயிற்று. சுபேதார்: "அடிச்சது நான்தான? நானே அவ வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

13-8, வெள்ளி.
திருத்தம் அனுப்பினேன். தவறு என்னுடையது என்ற வரியோடு. கல்தச்சர் முனகல்: "பர்மா வரிசை பத்துக்கு அளந்ததுங்க." சுபேதார்: "அப்ப என் பேரை எடுத்துடு." தச்சர் மறுபடி அளந்தார். இடம் இருந்தது. 'சிலைமலை என்ற ராசு.'

15-8, ஞாயிறு.
நல்ல வெயில். கூட்டம் பள்ளிக்கூட மைதானம் கொள்ளவில்லை. கொட்டு. சம்பந்தி வீட்டார் முன்வரிசையில், ஒன்பது பேர்.

சுபேதார் மைக் வேண்டாம் என்றுவிட்டார். பட்டாளத்தில் ஆஜர் எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராக அழைத்தார். அந்தந்த வீட்டார் 'உள்ளேன்' என்றார்கள். கடைசியில், "சிலைமலை என்ற ராசு!"

"உள்ளேன்!" மண்டியில் ஏலம் கூறும் குரல். மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன.

பிறகு விழா ஒழுங்கை மீறி முத்தம்மாள் சுபேதாரிடம், "மாமா, இன்னொருக்கா கூப்பிடுங்க."

சுபேதார் சல்யூட் அடித்து, அதே குரலில் அழைத்தார். "உள்ளேன்!" சம்பந்தி வீட்டார்தான் முதலில் எழுந்து கை தட்டினார்கள்.

மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. அவராகவே அழைத்தார்.