அணைக்க முடியாத மகிழுந்திலிருந்து

கடல் கடந்து வாழும் என் மகளே! அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் என் மருமகனே! ஒன்றும் புரியாவிட்டாலும் காது கொடுத்துக் கேட்கும் நற்பண்பை இந்தக் குடும்பத்தில் தனியொருத்தியாகக் காத்துவரும் என் பெயர்த்தியே! நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் எழுதுகோலை எடுத்தேன். எடுத்த கை பொய் எழுத மறுக்கிறது. உடல் நலமே. குருதி அழுத்தம் மருத்துவர் வகுத்த எல்லைக்குள் நிற்கிறது, மாடியில் ஒழுகிய இடத்தை அடைத்தாகிவிட்டது, உன் அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது, குறைந்திருக்கிறது என்பதை இன்று அவள் நடந்துபோன வேகத்தில் கண்டுகொண்டேன். ஆனால் நான் சிறைப்பட்டிருக்கிறேன். உன் மாமா வீட்டு வாயிலில், ஓடிக்கொண்டிருக்கும் மகிழுந்துக்குள், அணைக்கவும் வழியின்றி, இறங்கவும் வழியின்றி, சென்ற மாதக் கூட்டத்தின் துண்டறிக்கைகளைப் புரட்டிப் போட்டு அவற்றின் முதுகில் இதை எழுதுகிறேன். என்னைச் சிறை வைத்தவள் உன் அம்மா. அவள் கையில் படைக்கலனைக் கொடுத்தவள் நீ. இதுவே என் குற்றச்சாட்டு. ஒவ்வொரு தாளையும் முடித்த உடனே கைபேசியில் படம்பிடித்து அனுப்புகிறேன், ஆகவே விடை எழுத நாளை வரை காத்திருக்கலாம் என்று எண்ணாதே.

நீங்கள் இருவரும் அன்போடு வாங்கித் தந்த இந்த ஊர்தியைப் பழிக்க என் நா எழவில்லை. ஆனால் திறவுகோல் என்றால் அதற்குப் பல் இருக்க வேண்டும், அது நுழைய ஒரு துளை இருக்க வேண்டும், திருப்பினால் ஓர் ஓசை எழ வேண்டும், அந்த ஓசையைக் கேட்டு உரியவன் நெஞ்சு அடங்க வேண்டும். நீங்கள் தந்ததோ வழவழப்பான கறுப்புக் கூழாங்கல். பையில் கிடந்தால் போதுமாம், தொட்டால் கதவு திறக்குமாம், விலகிப் போனால் தானே பூட்டிக்கொள்ளுமாம். பூட்டிக்கொண்டதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது மனிதனாகப் பிறந்தவன் இயல்பு. இழுத்தேன், திறந்துகொண்டது. விலகினேன், பூட்டியது. திரும்பி வந்து இழுத்தேன், திறந்துகொண்டது. இந்த ஊர்தி பூட்டவே பூட்டாது என்று உனக்குச் சொன்னபோது மருமகன் குறுக்கே வந்து, சாவி உங்க பையிலதானே மாமா இருக்கு, வீட்டுக்காரர்தான் வர்றாருன்னு நெனச்சுத் திறக்குது என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உரியவனுக்குத் திறக்கும் பூட்டு திருடனுக்குத் திறக்காது என்பதை உரியவன் எவ்வாறு மெய்ப்பிப்பது என்று கேட்டேன். இன்றுவரை அந்தக் கேள்விக்கு அவரிடமிருந்து விடை வரவில்லை.

விடையை நானே கண்டேன். ஊர்தியை நிறுத்தியதும் கூழாங்கல்லை உன் அம்மாவிடம் கொடுத்துத் தெருமுனைக்கு அனுப்பினேன். அவள் போய்ச் சேர்ந்ததும் நான் கைப்பிடியை இழுத்தேன், திறக்கவில்லை. வெற்றி! கையை உயர்த்தினேன், அவள் திரும்பி வந்தாள். நாள்தோறும் இதுவே நடைமுறை ஆயிற்று. எதிர்வீட்டுத் தையற்காரர் இதைப் பல நாள் பார்த்துவிட்டு, எங்கிட்டதான் சாவியே கெடையாதே ஐயா, நான் இழுத்துப் பாத்துச் சொல்றேன், அம்மா பாவம் என்றார். பூட்டு உறுதியா என்று பார்க்க அயலாரை அழைத்து இழுக்கச் சொல்பவன் அறிவுடையவனா? நன்றி கூறி மறுத்தேன். உன் அம்மாவோ, மேடைக்குக் கீழ உக்காந்து இத்தனை வருசம் கேட்டது பத்தாதுன்னு இப்ப முனையில கொடிக்கம்பம் மாதிரி வேற நிக்கணுமா என்று உன்னிடம் முறையிட்டாள். நீயும் நடுவர் போலத் தீர்ப்புச் சொன்னாய், சாவி அம்மா கைப்பையிலேயே இருக்கட்டும்ப்பா, நீங்க தொடவே வேணாம் என்று. அன்று மாறியது ஆட்சி. அன்றிலிருந்து நான் ஊர்தியின் ஓட்டுநன், உன் அம்மாவின் கைப்பை அதன் அரசு.

அந்த ஆட்சியின் கீழ் பட்டதைச் சொல்கிறேன் கேள். படிப்பகத் திறப்பு விழாவில் உரையாற்றினேன். மேடைக்குப் பக்கத்திலேயே ஊர்தி நின்றது. உன் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போவதும் பக்கத்து இருக்கைப் பெண்ணோடு பேசத் திரும்பி வருவதுமாக இருந்தாள். நான் தொண்டை நரம்பு புடைக்க, உறங்கியது போதும் தோழர்களே, விழித்தெழுங்கள் என்று முழங்கினேன். ஊர்தி கூவிற்று, விளக்குகளை இமைத்தது, மடித்து வைத்திருந்த பக்கக் கண்ணாடிகளைக் காதுகள் போல விரித்தது. கூட்டம் கைதட்டியது. எனக்கன்று. அடுத்த முழக்கத்திற்கு நான் கையை உயர்த்தியபோது அத்தனை பேரும் என்னைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றியுரை ஆற்றியவர் எனக்கு ஒரு வரி, ஊர்திக்கு இரண்டு வரி சொன்னார். அதையும் பொறுத்தேன்.

இன்று நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. பிற்பகல் பழம் வாங்க வேண்டும் என்று உன் அம்மா கிளம்பினாள். வழியில், இங்க கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, ஒரே நிமிசம் என்றாள். நிறுத்தினேன். கைப்பையோடு இறங்கினாள். அப்போதுதான் தலையை உயர்த்திப் பார்த்தேன், எதிரே உன் மாமா வீடு. உன் திருமண வரவேற்பில் ஈராயிரம் செவிகள் கேட்டுக்கொண்டிருக்க, நான் மகளைப் பெற்ற தந்தையின் பெருமிதத்தை அப்போதுதான் தொடங்கி விரித்துரைத்துக்கொண்டிருக்க, ஒலிபெருக்கியின் மின்னிணைப்பைத் தன் கையால் பிடுங்கிப் போட்டாரே, அந்த மனிதர் வீடு. விருந்தினர் பசி என்பது அவர் சொன்ன சாக்கு. அன்று முதல் அவரோடு நான் பேசவில்லை என்பது உலகறிந்தது. அந்த வாயிலுக்குள் உன் அம்மா நுழைந்த நொடியில் ஊர்தி அலறத் தொடங்கியது. திரையில் எழுத்துகள் ஓடின, திறவுகோல் காணப்படவில்லை என்று. காணப்படவில்லையாம்! எனக்குத் தெரியாதா அது எங்கே போகிறது என்று? உன் அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. முதல் மாடிச் சாளரத்திலிருந்துதான் கைபேசியில் அழைத்தாள். ஆஃப் பண்ணிடாதீங்க, அப்புறம் ஸ்டார்ட் ஆவாது, பாப்பா எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கா. நாளைக்குக் காலைல அண்ணனுக்கு ஆபரேசன். பித்தப்பையில கல்லுதான், ஆனாலும் மயக்கமருந்து குடுக்கப்போறாங்க. நீங்க மேல வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க, சாவியக் குடுக்கிறேன். இவ்வளவுதான் சொன்னாள், வைத்துவிட்டாள். பாப்பாவாகிய நீ சொல்லிக் கொடுத்தாயாம்!

எண்ணிப் பார் மகளே என் நிலையை. அணைத்தால் மீண்டும் உயிர்பெறாது. அணைக்காமல் இறங்கினால் பூட்ட முடியாது, ஏனெனில் திறவுகோலே வேண்டாத இந்த ஊர்தியைப் பூட்டுவதற்குத் திறவுகோல் வேண்டும். யார் வேண்டுமானாலும் ஏறி ஓட்டிப்போகலாம். நானே ஒருமுறை ஓட்டிப்போய்விட்டேன். போய் என்ன பயன்? வீட்டுத் திறவுகோல் அந்தக் கைப்பையில். இந்த ஊர்தியின் இரண்டாவது கூழாங்கல் வீட்டு நிலைப்பேழையில், பேழையின் திறவுகோலும் அதே கைப்பையில். தெருவைச் சுற்றி வந்து, விட்ட இடத்திலேயே நின்றேன். சாளரத்தில் உன் அம்மா கன்னத்தில் கை வைத்தபடி, என்னங்க, ஊர்கோலம் முடிஞ்சுதா என்றாள். எதிர்க் குடியிருப்பின் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார். புகை உள்ள வருது சார், ஆஃப் பண்ணுங்க என்றார். அணைத்தால் கிளம்பாது என்றேன். அப்ப கிளம்புங்க என்றார். கிளம்பினால் எங்கும் நிறுத்த முடியாது என்றேன். அவர் கண்ணாடியருகே குனிந்து, வீட்ல யாராச்சும் இருக்காங்களா சார் என்று மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

பிறகு உன் மாமாவின் மனைவி, உன் அத்தை, இறங்கி வந்தாள். எனக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தாள், பின்கதவைத் திறந்தாள், ஏறி உட்கார்ந்துகொண்டாள். வண்டிய நான் பாத்துக்கிறேண்ணே, நீங்க மேல போங்க என்றாள். மேலே போகாதிருக்க என்னிடம் மீதமிருந்த ஒரே சாக்கும் இப்படித் தகர்ந்தது. உனக்கு ஓட்டத் தெரியாதே அம்மா, திருடன் வந்தால் என்ன செய்வாய் என்றேன். அவன்கிட்டயும் நாலு வார்த்தை பேசுவேன், நீங்கதான் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறீங்க என்றாள். குளிர்காற்றைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மேலும் சொன்னாள். அவரு ராத்திரியெல்லாம் தூங்கலண்ணே. கண்ணாடிக் கடைய ரெண்டு நாளா தெறக்கல. மயக்கத்துலேருந்து எழுந்திரிக்காமப் போயிட்டா, மாப்ள கடைசியா எங்கிட்டப் பேசின வார்த்தை, ‘பிளக்கைச் சொருகும்’ங்கிறதா ஆயிடுமேன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றாரு.

அவ்வாறு நான் சொல்லவில்லை. மின்னிணைப்பைக் கொடும் என்றுதான் சொன்னேன். ஆயினும் பொருள் ஒன்றே. இதைக் கேட்டபின் என்னால் சினத்தைத் தொடர முடியவில்லை மகளே, தொடர்வதாக நடித்துக்கொண்டு சிறிது நேரம் முன்கண்ணாடியைத் துடைத்தேன். உன் அத்தை கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இனி என் உண்மையான இடரைச் சொல்கிறேன். ஏறிப் போக நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால் கதவைத் திறந்ததும் என்ன சொல்வது? திடலை நிறைத்த கூட்டத்தின் முன் குறிப்பின்றிப் பேசியவன் நான், ஒரு மனிதருக்குச் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. துண்டறிக்கைகளின் முதுகு தீரப்போகும் அளவுக்கு எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாம் அன்பார்ந்த பெரியோர்களே என்றே தொடங்குகின்றன. பன்மையை நீக்கி, மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களே என்று தொடங்கி உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவரு கண்ணாடிக் கடை வெச்சிருக்காருண்ணே, கவர்னரா என்றாள். நலமா என்று கேட்கலாமா என்றேன். நாளைக்கு வயித்த அறுக்கப்போறவர்கிட்டயா என்றாள். அஞ்சாதீர் என்றால், அதுவரை அஞ்சாதிருந்தவரும் அஞ்சிவிடுவார். வருந்துகிறேன் என்றால், மெய்யாகவே வருந்த வேண்டிய நிலை என்று எண்ணிக்கொள்வார். நாளை பார்ப்போம் என்றால் நாளைக்கு மேல் நாள் இல்லை என்று சொன்னது போல ஒலிக்கிறது. நீ சிறு பெண்ணாக இருந்தபோதிலிருந்து உன் மாமாவோடு மணிக்கணக்கில் பேசுவாயே, அவர் வயிறு குலுங்கச் சிரிப்பாரே, என்னதான் சொல்வாய்? நான் ஒருமுறையாவது நின்று கேட்டிருந்தால் இன்று உன்னைக் கேட்க வேண்டியிருக்காது. எரிபொருள் முள் அடிக்கோட்டைத் தொட்டுவிட்டது, மஞ்சள் விளக்கு எரிகிறது, எனக்குக் காலம் மிகுதியாக இல்லை.

உன் அம்மாவை அழைத்துத் திறவுகோலை எறியச் சொல்லாதே. முதற்பக்கத்தில் அதைத்தான் கேட்க இருந்தேன், இப்போது அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். மாமாவை நீயே அழைத்து எனக்காகப் பேசிவிடவும் கூடாது. எனக்கு வேண்டியது ஒரு வரி. ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக, அடுக்குமொழி இல்லாததாக, நான் சொன்னால் நான் சொன்னது போல இருப்பதாக. பெயர்த்திக்குக் குளிர்காற்று படாமல் காதை மூடி வை. மருமகன் வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதை நிறுத்தட்டும். உன் வீட்டுக் கதவுக்கு எண்களைத் தட்டித் திறக்கும் பூட்டு வைக்கப்போவதாகச் சொன்னாயே, வேண்டாம், இன்று என் நிலையை எண்ணிப் பார்த்து முடிவெடு. நோயும் நொடியும் அண்டாமல், செல்வமும் சிரிப்பும் குறையாமல், மூவரும் நீடு வாழ்க என நெஞ்சார வாழ்த்துகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

மறந்ததொன்று: ஊர்தி நின்றுவிட்டது. எரிபொருள் தீர்ந்து தானே நின்றுவிட்டது. தெருவே அமைதியாகிவிட்டது, பின்னிருக்கையில் உன் அத்தை, போச்சா என்று மட்டும் கேட்டாள். அந்த அமைதி மேலேயும் கேட்டிருக்க வேண்டும். உன் மாமா படியிறங்கி வருகிறார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருக்கிறார், மிகவும் இளைத்துவிட்டார் மகளே, நீ சொல்லவே இல்லையே. வாயிற்கதவைத் தாண்டிவிட்டார். என்னைப் பார்த்து, என்ன மாப்ள, வண்டி நின்னுடுச்சா என்று கேட்டுவிட்டார். கேட்டுவிட்டார்! நான் விடை சொல்ல வேண்டும். கதவின் கைப்பிடியில் கை வைக்கிறார். அந்த வரியை அனுப்பு. எழுத்துப் பிழை இருந்தாலும் சரி, இப்போதே அனுப்பு!